குழிக்குப் போன தண்ணீர்

ஓசூர் சிப்காட்டில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்த கம்பெனியின் வாட்ச்மேன் அவர். ஒல்லியான உடம்பு, தொளதொளத்த யூனிஃபார்ம், வெடித்த உதடுகள். தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கியதும், ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிப்போய் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த எர்த் குழியில் ஊற்றுவார். மெஷின்களிலிருந்து வரும் செம்புப் பட்டை அந்தக் குழிக்குள்தான் இறங்கும். செடியே இல்லாத இடத்துக்கு நீர் பாய்ச்சுகிறார் என்று நாங்கள் சிரிப்போம்.

கோடையில் ஒருநாள் தண்ணீர் லாரி வரவில்லை. அவர் தன் குடிதண்ணீர் பாட்டிலைக் குழியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"குடிக்கிற தண்ணிய ஏங்க மண்ணுல ஊத்தறீங்க?" என்றேன்.

"லீக்காவற கரண்ட் செம்புல தானா ஓடியாந்துரும் சார். மண்ணுக்குள்ள எறங்க ஈரமும் உப்பும் வேணும். குழி காஞ்சு கெடந்தா மெஷின்லயே நிக்கும்."

"ஒருநாள் ஊத்தலன்னா என்ன ஆயிடும்?"

"முன்ன இருந்த கம்பெனியிலயும் இது என் வேலதான். அங்க ஒரு கோடையில ரொம்ப நாளா லாரி வரல. கெடச்ச தண்ணிய நான் குடிச்சிட்டேன். வெல்டர் ஒருத்தரு மெஷின்ல கை வெச்சாரு. அப்பறம் எந்திரிக்கல."

கடைசிச் சொட்டையும் உதறிவிட்டு, உதட்டை நாக்கால் தடவியபடி கேட்டுக்குப் போனார்.

மத்தியானம் என் பாட்டிலைக் கொண்டுபோய் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குடிப்பார் என்று நின்றிருந்தேன். அவர் எழுந்து, ஷெட்டுக்குப் பின்னால் நடந்தார்.