புதுக் கப்பல்காரருக்கு முதல் மங்கு

கள்ளுக்கடையில் ஊற்றுகிறவனுக்கு எந்தக் காலத்திலும் நல்ல பெயர் கிடைத்ததில்லை. குடிக்கிறவன் கலப்படக்காரன் என்பான், குடிக்காதவன் குடிகெடுத்தவன் என்பான். என்னைப்போல் கடைப்பலகைக்குப் பின்னால் நின்று வயிறு வளர்த்தவர்களுக்கு இந்த இரண்டு ஏச்சும் பழகிப்போயிருக்கும். மலாய்க்காரர் நாட்டில் ஸ்கூடாய் ரோட்டை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பல வருஷம் கள் ஊற்றினேன். அந்த வேலையிலேயே கஷ்டமானது, ஊரிலிருந்து புதிதாகக் கப்பலில் வந்தவர்களுக்கு முதல் மங்கு, அதாவது முதல் கிண்ணம், ஊற்றுவதுதான்.

தென்னங்கள் காலையில் இறக்கும்போது இனிக்கும். ரப்பர்ப் பால்வெட்டு முடிந்து நாங்கள் கடை திறக்கும் நேரத்துக்கு லேசாகப் புளிப்பு ஏறியிருக்கும். முந்தின நாள் சாயங்காலம் இறக்கியது நன்றாகப் புளித்து மூக்கில் ஏறும். இதற்கும் மேலே, அடிப்பானையில் தங்கிப்போனது ஒன்று உண்டு. நாக்கு மரத்துப்போன சிலர் மட்டும் அதைக் கேட்பார்கள். எதை எதோடு சேர்த்து ஊற்றினால் புது நாக்கு முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும் என்பதுதான் என் வித்தை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இனிப்பு கேட்டவர்

வேலாயுதம் என்று ஒருவர் வந்தார். கள்ளை நாக்கில் வைத்ததே இல்லை, புளிப்பு ஆகாது, இனிப்பாக இருந்தால் ஊற்றுங்கள் என்றார். நானும் அப்போது தொழிலுக்குப் புதிது. காலைக் கள்ளாகவே பார்த்து ஊற்றினேன். பதநீர் குடிக்கிற மாதிரி மங்கு மங்காக உள்ளே தள்ளினார். எழுந்து நின்றபோது கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. மறுநாள் விடியக்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கூப்பிட்டபோது ஆளைக் காணோம். ரப்பர் மரத்தடியில் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அன்றைய கூலியும் போயிற்று.

அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. புதியவர்களுக்குக் கொஞ்சமாவது புளிப்பு வேண்டும். அதுதான் கையைத் தடுத்து நிறுத்தும். நான்கு நாள் கழித்து வந்த வேலாயுதம் மங்கை நீட்டும்போதே சொன்னார்: "இனிக்கிறது எதையும் இனிமே நம்ப மாட்டேண்ணே. அளவாப் புளிக்கிறதாக் குடுங்க."

ஒரு கேள்வி

அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். ஊரில் காலையில் எழுந்ததும் என்ன குடிப்பீர்கள்? காப்பித்தண்ணி என்றால் காலைக் கள்ளில் சாயங்காலக் கள்ளைக் கண்ணில் காட்டினால் போதும். மோர் என்றால் பாதிக்குப் பாதி. நீராகாரம் என்றால் கவலையே இல்லை. பழைய சோற்றுத் தண்ணீரில் வளர்ந்தவனுக்குப் புளிப்பு சொந்தக்காரன்.

மருதன் என்பவர் நீராகாரம் என்றார். நன்றாகப் புளித்ததாகவே ஊற்றினேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கண்ணைத் திறந்த மருதன் என்னிடம் கேட்டார்: "சின்ன வெங்காயம் ஒண்ணு இருக்குமாண்ணே? கடிச்சுக்கிட்டா வீட்டுல இருக்கிற மாதிரியே இருக்கும்."

தவுக்கேயின் பிடிவாதம்

தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்த சீன முதலாளியைத் தவுக்கே என்போம். அவருக்கு நம் கள்மேல் எப்போதும் இளக்காரம். அரிசிச் சாராயம் குடிக்கிற தனக்கு இதெல்லாம் தண்ணீர் என்பார். மிதமாக ஊற்றித் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. இருப்பதிலேயே புளித்ததைக் கொடு என்று அடம்பிடித்தார். அடிப்பானையிலிருந்து ஊற்றினேன். ஒரே மூச்சில் இழுத்தார். முகம் சுருங்கி, மூக்கு சிவந்து, இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது.

கடையே சிரித்தது. தவுக்கே கண்ணைத் துடைத்துக்கொண்டே, தனக்குத் தெரிந்த தமிழில், மலாய்க்காரர் புளிப்புக்குச் சொல்லும் வார்த்தையையும் கலந்து சொன்னார்: "அலாமாக், நான் அழறது இல்லலா. இது மாசாம்."

காத்தமுத்து

மருதனோடு ஒரே கப்பலில் வந்தவர் காத்தமுத்து. தவுக்கே கதையைக் கடையில் யாரோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் முதல்முறையாக உள்ளே வந்தார். மூலைக் கம்பத்தோரம் நின்று முழுக்கக் கேட்டார், சிரிக்கவில்லை. பிறகு பலகையண்டை வந்தார். என் கேள்வியைக் கேட்டேன். அவர் அதற்குப் பதிலே சொல்லாமல் அடிப்பானையைக் காட்டினார்.

முதல் மங்கு அது வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பிடிவாதமாக நின்றார். வாங்கிக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்து நின்று குடித்தார். கண்ணீர் கழுத்து வரைக்கும் ஓடியது, தோள் குலுங்கியது. இன்னொரு தவுக்கே வந்துவிட்டார் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் அதே பானை, அதே கண்ணீர். ஒரு மங்குக்கு மேல் குடித்ததில்லை. வெறிக்காகக் குடிக்கிறவன் ஒன்றோடு நிறுத்துவானா என்று எனக்குக் குழப்பம். ஆள் விவரம் தெரியாமல் வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்கிறார் என்று முடிவு செய்தேன்.

ஒரு நாள் அவரிடம் சொல்லாமலே, பார்த்துப் பார்த்துச் சேர்த்த கள்ளை ஊற்றிக் கொடுத்தேன். அப்படி ஒரு பதம் எனக்கே அபூர்வமாகத்தான் அமையும். ஒரு வாய் உறிஞ்சினார். மங்கைக் கொண்டுவந்து அப்படியே பலகையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். எனக்குச் சுருக்கென்றது. போகும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "இன்னிக்குப் புளிக்கலைண்ணே."

பெண்கள் பக்கம்

எங்கள் கடையில் பெண்களுக்கு அத்தாப்பு ஓலைத் தட்டி கட்டி மறைத்த தனிப் பக்கம் உண்டு. மறுநாள் அங்கே காத்தமுத்துவின் மனைவி அஞ்சலை வந்து நின்றாள். அதற்குமுன் அவள் கடைப்பக்கம் வந்ததில்லை.

"நேத்து அவருக்கு மாத்திக் குடுத்திட்டீங்களாண்ணே?"

"நல்லதா இருக்கட்டும்னுதான் தங்கச்சி குடுத்தேன். அந்தப் பானை வயித்துக்கு ஆகாது."

அவள் பலகையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். கப்பலில் வந்தவர்களுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்க நிறுத்தி வைக்கிற தீவில் அவர்கள் பெண் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. அங்கேயே புதைத்தார்கள். மறுநாள் இவர்களை லாரியில் ஏற்றிவிட்டார்கள். தோட்டத்தில் இறங்கியதும் கங்காணி கூப்பிட்டு, லயத்தில் அழுகைச் சத்தம் கேட்கக்கூடாது, மற்றவர்கள் மனசு கெட்டு ஓடிப்போவார்கள், அப்புறம் உங்களைத்தான் முதலில் விரட்டுவேன் என்று சொல்லிவிட்டார். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்த வீட்டில் விக்கினால் கடைசி வீட்டில் கேட்கும்.

"இங்கதாண்ணே அவரால யாரும் ஏன்னு கேக்காம அழ முடியுது. அதையும் எடுத்திராதீங்க."

இத்தனை நாளும் பலகைக்குப் பின்னால் நின்று அந்தக் கண்ணீரைப் பார்த்தவன் நான். ஒவ்வொரு நாக்கையும் பார்த்தவுடன் எடைபோடத் தெரிந்த எனக்கு அது அழுகை என்பது மட்டும் தெரியாமல் போயிற்று. இனிமேல் மாற்ற மாட்டேன் என்று சொன்னேன். அவள் போகவில்லை. தட்டியோரம் கவிழ்த்து வைத்திருந்த மங்கு ஒன்றை எடுத்துப் பலகையில் நிமிர்த்தி வைத்தாள்.

"அவருக்கு ஊத்துறதையே எனக்கும் ஊத்துங்க."

அடிப்பானையைச் சாய்த்து நிறைய ஊற்றினேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். பாதி மங்கு தாண்டுவதற்குள் அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் சத்தம் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண், புதுசு, தாங்கவில்லை பாவம் என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். அதற்குள் வந்து மங்கு வாங்கித் தட்டிக்கு இந்தப் பக்கம் மூலையில் நின்ற காத்தமுத்து மங்கை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே நின்றார். அந்த நேரம் பார்த்துக் கடை வாசலுக்கு வந்த கங்காணி, உள்ளே என்ன அழுகை என்று அதட்டினார். எனக்கு உயிரே போய்விட்டது. அஞ்சலை தலையை நிமிர்த்தி, நனைந்த முகத்தைத் துடைக்காமலே பதில் சொன்னாள்:

"ஒண்ணுமில்லைங்க கங்காணி. கள்ளு புளிக்குது."

புதியவர்களுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று அந்தத் தோட்டத்தில் என்னைவிடத் தெரிந்தவன் இல்லை என்று அதற்குப் பிறகும் எல்லாரும் சொன்னார்கள். நான் மட்டும், எவன் எந்தப் பானையைக் காட்டினாலும் வாயை மூடிக்கொண்டு அதிலிருந்தே ஊற்றினேன்.