சித்தி நடந்து போட்ட தாளம்

பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். சுத்தப் பொய். என் சித்தி பெட்டியை ஆன் செய்கிறாள், அதனால் சுற்றுகிறது. ஒரு சனிக்கிழமை அவள் லீவு போட்டால் பகலும் இரவும் முட்டிக்கொண்டு நிற்கும். எந்தப் பக்கம் போவதென்று கேட்க, கடல் அலை எங்கள் வீட்டுக் காலிங்பெல்லை அடிக்கும்.

பெட்டி என்றால் டிரம் மெஷின். நான் பிறப்பதற்கு ரொம்ப முன்னால் செய்தது. முன்பக்கம் வரிசையாகப் பதினாறு பொத்தான். வெளிச்சம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடும். நாம் அமுக்கி வைத்த இடத்திலெல்லாம் அடி விழும். வந்த புதிதில் இந்த மாதிரிப் பெட்டிகளை யாரும் சீந்தவில்லையாம். இது டிரம்மா, தகர டப்பாவுக்குள் தவளை குதிக்கிறது என்று பெரிய பாட்டுக்காரர்கள் கழித்துக்கட்டினார்கள். பழைய சாமான் கடைக்கு வந்த பிறகு, கையில் காசில்லாத பிள்ளைகள் அதை வாங்கிப்போய், அந்தத் தவளையை வைத்தே ஊர் உலகத்தை ஆடவைத்தார்கள். சித்தியும் அப்படி வாங்கியவள்தான்.

வாரமெல்லாம் சலவைக்கடையில் இஸ்திரி போடுவாள். சனிக்கிழமை ஹோட்டல் நடனக் கூடத்தில் பெட்டிக்குப் பின்னால் நிற்பாள். நிற்பாள் என்பது பேச்சுக்கு. சாப்பாடு நடந்துகொண்டே, போன் வந்தால் எல்லா அறையையும் அளந்துவிடுவாள். சினிமாவுக்குப் போனால் கடைசி வரிசைக்குப் பின்னால் உலாத்திக்கொண்டு பார்ப்பாள். டார்ச் அடிக்கிறவர் பாவம், "பாத்ரூம் அந்தப் பக்கம்மா" என்று இடைவேளைக்குள் பலமுறை சொல்லிவிடுவார்.

அந்தக் கூடத்துப் பேண்ட் மாஸ்டர் தாளம் போட லேப்டாப் வாங்கியதிலிருந்து சித்தியின் நடை இரட்டிப்பாகிவிட்டது.

"அக்கா, இந்த சனிக்கிழமை ஒரு பாட்டு தடுமாறுனாலும் பெட்டிய வீட்டுலயே வெச்சுருங்க. லேப்டாப் பாத்துக்கும்."

"அப்ப நான்?"

"நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா."

மீனைக் கரையேறி இளைப்பாறச் சொன்ன மாதிரி.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பெட்டியை ஆன் செய்து முதல் பாட்டைத் தொட்டாள். வெளிச்சம் ஓடியது. சத்தம் இல்லை. அடுத்த பாட்டு, அதற்கடுத்தது, எல்லாம் ஊமை. பெட்டியைப் புரட்டி மூடியைத் திறந்தாள். பேட்டரி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று அனாதையாகக் கிடந்தது.

சோபாவில் சித்தப்பா டிவி ரிமோட்டை மெதுவாக முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

"மேட்ச் நடந்துச்சு... பெட்டி கரண்ட்ல தானே ஓடுதுன்னு..."

"ஓடுறது கரண்ட்ல. ஞாபகம் வெச்சுக்குறது பேட்டரியில, மனுஷா! அத்தன தாளமும் போச்சு!"

"அதுக்கு ஞாபகமெல்லாம் உண்டா?"

"உங்களவிட ஜாஸ்தி."

பேட்டரி திரும்பி வந்தது, தாளம் வரவில்லை. சித்தி நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பாட்டுகூட நினைவுக்கு வரவில்லை. எழுந்து நடக்க ஆரம்பித்ததும் வந்தது. மண்டையில் இல்லை, எல்லாம் காலில் இருந்திருக்கிறது! ஒரு பாட்டுக்குச் செருப்பைத் தேய்த்து நடந்தாள், ஒன்றுக்குச் சமையலறை வாசலில் ஒரு எம்பு எம்பினாள். குதிகால் விழுந்த இடத்தில் நான் பொத்தானை அமுக்கினேன். சித்தப்பா குற்றவாளிக்குரிய வேகத்தில் நாற்காலிகளை ஒதுக்கி வழிவிட்டார்.

மிச்சம் கடைசிப் பாட்டு. ஜோடிகள் ஆடுகிற மெதுவான பாட்டு. சித்தி நடந்தாள், கால் பின்னியது. திரும்பி நடந்தாள், மறுபடி பின்னியது. கீழே எங்களைக் கூட்டிப்போக வந்த கார் ஹாரன் அடித்தது.

"இந்த அவசரத்துல மெதுவா நடக்க வரலடி. போச்சு. லேப்டாப்பே வாசிக்கட்டும்." ஜன்னலுக்குப் போய், "வர்றேன்யா, அமுக்கிட்டே இருக்காத!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினாள்.

அவள் திரும்பும்போது பெட்டி அந்தப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தது.

"எப்படி?"

"பெட்டிக்கே ஞாபகம் வந்துருச்சு சித்தி."

விசாரிக்க நேரமில்லை, ஓடினோம். அன்று எந்தப் பாட்டும் தடுமாறவில்லை. கடைசிப் பாட்டுக்குத் தரை நிறைய ஜோடிகள். லேப்டாப் பையைவிட்டு வெளியே வரவில்லை. "அடுத்த வாரம் கொஞ்சம் சீக்கிரம் வந்துருங்கக்கா" என்று மட்டும் மாஸ்டர் சொன்னார்.

திரும்பும்போது காரில் சித்தியின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது.

"ஏய் வாலு. அழிஞ்சது அழிஞ்சதுதான். பெட்டிக்கு எப்படி ஞாபகம் வரும்?"

நான் சீட் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்தேன்.

"நான் வாசிச்சா காதுல பஞ்சு வெச்சுக்குவ. தலைவலிம்ப. கதவ அறைஞ்சு சாத்துவ."

"சும்மா அமுக்கினேன். குருட்டாம்போக்குல விழுந்துருக்கும்."

"ஒரு மணிச்சத்தம் கொஞ்சம் தள்ளி விழுமே, நான் மட்டும் போடுறது. அதுவுமா குருட்டாம்போக்குல விழுந்துச்சு?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அங்க என்ன பாக்குற? கண்ணாடியில மூஞ்சி தெரியுது பாரு, சிரிக்குற."