‘சமூகமளிக்கவில்லை’ என்று சொன்ன குரல்

பியூலா மிஸ் காலமான செய்தியை எங்கள் பாடசாலையில் படிக்கும் பக்கத்து வீட்டு நிரோஜினி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எனக்குச் சொன்னாள். அன்று சனிக்கிழமை. நான் கொடியில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“தர்சி, பியூலா மிஸ் மோசம் போயிட்டாவாம். நித்திரையிலையே சீவன் போயிட்டுதாம். காலமை தேத்தண்ணியோட போன தங்கச்சிதான் கண்டவவாம்.”

நான் அடுத்த சட்டையை எடுத்து உதறினேன்.

“செத்தவீட்டுச் சேதிக்காவது வாயைத் திறவனடி” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

பியூலா மிஸ்ஸை நான் இரண்டு தடவைதான் நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவை பார்த்த ஒருவருக்காக எவ்வளவு கவலைப்படலாமோ அவ்வளவு கவலைப்பட்டேன். அது போதும் என்றுதான் திங்கட்கிழமை காலைவரை நினைத்திருந்தேன்.

இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் அவரோடு நெடுங்காலம் வேலை செய்தவர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் படிப்பிக்கும் எங்கள் நான்கு பாடசாலைகளின் நிருவாகம் முழுவதும் அவர் கையில் இருந்தது உங்களுக்குத் தெரியும். அவர் ஒரு வகுப்புக்கும் பாடம் எடுத்ததில்லை. பாடசாலை வான் எத்தனை மணிக்கு எந்தத் தெருவுக்கு, எந்த ஒழுங்கைக்கு வர வேண்டும், லீவில் நிற்கும் ஆசிரியருக்குப் பதில் யார் போக வேண்டும், தண்ணீர்த் தாங்கியை யார் கழுவ வேண்டும் என்பதெல்லாம் மருதனார்மடத்துத் தலைமை அலுவலகத்தில் அவர் மேசையிலிருந்துதான் புறப்பட்டன. நான் தரம் பத்தோடு படிப்பை விட்டவள். என்னிடம் இருப்பது சிறிய நினைவுதான். ஆனால் அது உங்களில் வேறு யாரிடமும் இல்லாதது.

முதல் தடவை அவரைப் பார்த்தபோது நான் தரம் எட்டில் இருந்தேன். பெற்றோருக்கான அறிவித்தல் ஒன்று வாசலில் ஒட்டியிருந்தது. அவர் வானிலிருந்து இறங்கினார், இரண்டு மொழியிலும் அதை வாசித்தார், உரித்து எடுத்தார். பக்கத்தில் நின்ற ஆசிரியரிடம், “இங்கிலீசிலை அதட்டுறியள், தமிழிலை கெஞ்சுறியள். ரெண்டிலையும் ஒரே ஆள்தான் கதைக்க வேணும்” என்றார். குரல் உயரவில்லை. தட்டையான, ஒரே சீரான குரல்.

இரண்டாவது தடவை, தரம் பத்தில், மண்டபத்தில். காலைப் பிரார்த்தனையின்போது ஒவ்வொரு பிள்ளையும் முறை வைத்துத் தனியாக மேடையேறி ஆங்கிலத்தில் பேச வேண்டும். என் முறை வந்தது. பாடமாக்கி வைத்திருந்த எல்லாம் இருந்தன, குரல் மட்டும் இல்லை. மண்டபம் முதலில் அமைதியாக இருந்தது. பிறகு பின்வரிசையில் ஒருவன், “சிலை வச்சிருக்கினம், ஆரும் கற்பூரம் கொழுத்துங்கோ” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கதவடியில் பியூலா மிஸ் நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் நான் பாடசாலைக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை.

அம்மா விடிய முன்னமே மரக்கறியோடு நெல்லியடிச் சந்தைக்குப் போய்விடுவார். அப்பா தோட்டத்துக்குப் போய்விடுவார். உடுப்பிட்டியில் எங்கள் வீட்டில் பகலில் நான் தனி. அம்மாவின் தொலைபேசி யன்னல் விளிம்பில் கிடக்கும், அங்கேதான் சிக்னல் வரும். சில வாரங்களின் பின் ஒரு காலை அது அடித்தது. “பிள்ளை, ஆர் கதைக்கிறது?” என்று ஒரு பெண் கேட்டார். நான் பயந்து துண்டித்துவிட்டேன்.

மறுநாள் வந்தது மனிதக் குரல் அல்ல, அல்லது அப்படித்தான் நான் எண்ணினேன். வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து இயந்திரம் அழைப்பு எடுக்கும். பியூலா மிஸ்ஸின் குரலையே அதில் பதிந்து வைத்திருந்தார்கள். “வணக்கம். உங்கள் பிள்ளை இன்று பாடசாலைக்குச் சமூகமளிக்கவில்லை. காரணத்தை அறியத் தரவும்.” பிறகு அதுவே ஆங்கிலத்தில். எல்லாப் பெற்றோருக்கும் மனப்பாடமான வசனம். அதைச் சொல்லி முடித்த பின் தொலைபேசி துண்டிக்கப்படாமல் இருந்தது. கிணற்றுக்குள் குனிந்தால் கேட்குமே, அப்படி ஒரு வெறுமையான இரைச்சல். அதற்குள் எங்கோ ஒரு மின்விசிறி நின்று நின்று கிறீச்சிட்டது.

மனிதர்களோடு எனக்குக் கதைக்க வராது. இது மனிதர் இல்லையே. “நான் வரமாட்டன். உனக்கு ஏன் காரணம்?” என்றேன். என் குரலை வீட்டுக்குள் கேட்டு எனக்கே உடம்பு கூசியது.

அதன் பிறகு பாடசாலை நாட்களில் எல்லாம் அது வந்தது. நான் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். வான் நிற்கும் கடையடியில் பெடியன்கள் நின்று ‘சிலை’ என்று கூப்பிடுவதைச் சொன்னேன். மேடையில் பக்கத்தில் ஒரு ஆள் நின்றிருந்தால் ஒருவேளை வாய் திறந்திருக்கும் என்று சொன்னேன். பெண்பிள்ளைகளின் மலசலகூடக் கதவுக்குக் கொளுக்கி இல்லை, ஒருத்திக்கு ஒருத்தி கதவைப் பிடிப்பார்கள், எனக்குப் பிடிக்கச் சொல்லிக் கேட்க ஆள் இல்லை என்பதையும் சொன்னேன். சொல்லி முடியும்வரை மின்விசிறி கிறீச்சிடும். நான்தான் துண்டிப்பேன். ஒருநாள் அது தும்மியது. பதிவுசெய்த அன்று தும்மியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். முந்தைய நாள் ஏன் தும்மவில்லை என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

பிறகு ஒன்றொன்றாக நடக்கத் தொடங்கியது.

“இப்ப வான் கடையடியிலை நிக்கிறேல்லையடி, எங்கடை ஒழுங்கைக்குள்ளையே வருது” என்றாள் நிரோஜினி. இன்னொரு நாள், “பிரேயருக்கு இனி ரெண்டு ரெண்டு பேராத்தான் ஏற வேணுமாம்” என்றாள். கடைசியில், “நாலு பள்ளிக்கூடத்திலையும் கக்கூசுக்குப் புதுக் கொளுக்கி!” என்று வேலிக்கு மேலால் கத்தினாள்.

இதை நான் அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. வெறும் வீட்டில், ஒரு இயந்திரத்துக்குச் சொன்னது. தொலைபேசியை யன்னலடியில் இருந்த அரிசிப் பானைக்குள் புதைத்து மூடினேன். அதைக் கண்ட நிரோஜினி, “என்னடி, போனை அவிக்கப் போறியோ?” என்று கேட்டாள். மறுநாள் காலை அது அரிசிக்குள் இருந்து அடித்தது. பானை அதிர்ந்தது. அடித்து ஓய்ந்து, திரும்பவும் அடித்தது. நான் அரிசியைக் கிளறி எடுத்துக் காதில் வைத்தேன். சமூகமளிக்கவில்லை என்றது. பிறகு கிறீச் என்ற சத்தம். பயத்தோடு பயமாக நானும் கதைத்தேன். கதைக்காமல் இருப்பது அதைவிடப் பயமாக இருந்தது.

அவர் காலமான பின் வந்த திங்கட்கிழமையும் தொலைபேசி அடித்தது.

செத்தவரின் குரல் தெளிவாக வணக்கம் சொன்னது. இயந்திரம்தானே, அதற்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. ஆங்கில வசனமும் முடிந்ததும் நான் அதற்குச் சொன்னேன்: “உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ? மிஸ் மோசம் போயிட்டா. உன்ரை குரலுக்குச் சொந்தக்காரி…”

பீப் என்றது. துண்டித்துவிட்டது.

அது ஒருநாளும் என்னைத் துண்டித்ததில்லை. அன்று மின்விசிறி கிறீச்சிடவில்லை. மூச்சு இல்லை. வசனத்தைச் சொல்லிவிட்டு, கேட்க யாரும் இல்லாத இடத்துக்கு அது போய்விட்டது. நான் யன்னலடியில் அப்படியே இருந்துவிட்டேன். அதுவரை கேட்ட குரல் எது என்பது எனக்கு விளங்கத் தொடங்கியது. ஆனாலும் யாராவது ஒரு மனிதர் அதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் சொன்னதெல்லாம் வெறும் சுவருக்குச் சொன்னதா, ஒருவருக்குச் சொன்னதா என்று சாகும்வரை தெரியாது.

இரண்டு பஸ் மாறி மருதனார்மடத்துக்குப் போனேன். அலுவலகத்தில் வேலை செய்யும் அன்ரன் அண்ணை அங்கே இருந்தார். நான் வாய் திறக்க முன்னமே, “விலகல் பத்திரமோ? சீருடையோ? வான் பிரச்சினையோ?” என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றேன். அவர் பின்னால் மிஸ்ஸின் அறை திறந்து கிடந்தது. ஆளில்லாத நாற்காலிக்கு மேலே மின்விசிறி சுற்றியது. நின்று நின்று கிறீச்சிட்டது.

“அண்ணை,” என்றேன், “மெசின் என்ரை வீட்டுக்கு எடுக்கிறதோ?”

“எந்த வீடு?”

என் பெயரையும் ஊரையும் சொன்னேன். அன்ரன் அண்ணை கையில் இருந்த பேனையை வைத்தார்.

“உன்ரை நம்பரை மெசினிலையிருந்து மிஸ் எப்பவோ எடுத்திட்டா. ‘அது என்ரை வேலை’ எண்டவ. இண்டைக்குக் காலமைதான் நான் திரும்பப் போட்டனான்.” கொஞ்சம் யோசித்தார். “காலமையிலை கதவைச் சாத்திப்போட்டு இருப்பா. முதல் ஏதோ மெல்லமாச் சொல்லிக் கேக்கும், பிறகு ஒரு சத்தமும் இல்லை. செபம் பண்ணுறா எண்டு நாங்கள் ஒருத்தரும் தட்டுறேல்லை. வெளியிலை வந்து, வானை ஒழுங்கைக்குள்ளை விடு, கொளுக்கி பூட்டு எண்டுவா. ஏன் மிஸ் எண்டு கேட்டா, ‘ஒரு பிள்ளை சொன்னது’ எண்டுவா. எந்தப் பிள்ளை எண்டு கடைசிவரைக்கும் சொல்லேல்லை.”

மேசையில் தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு வைத்தார். “விடிஞ்சதிலையிருந்து உதுதான். செத்த மனிசியைக் கொண்டு ஏன் வீடு வீடாக் கூப்பிடுறியள் எண்டு தாய் தேப்பன்மார் பேசுகினம். வேறை குரல் பதியப் போறம்.”

“நான் அவவை ‘நீ’ எண்டு கூப்பிட்டுட்டன் அண்ணை” என்றேன். அந்த நேரத்தில் அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

“அதுக்கென்ன, கடவுளையும் அப்பிடித்தானே கூப்பிடுறம்” என்றார் அவர்.

முதல்நாள் நான் மனிதக் குரலுக்குப் பயந்து துண்டித்ததை மிஸ் விளங்கிக்கொண்டிருக்கிறார். அதனால் எனக்காக மறுநாளே தன்னைப் பதிவுசெய்த குரலாக மாற்றிக்கொண்டார். ஒரு சொல் கூட்டிச் சொல்லியிருந்தால் நான் ஓடியிருப்பேன். ஒருநாளும் கூட்டிச் சொல்லவில்லை. “வராத பிள்ளைதான் எங்கடை முதல் வேலை” என்று அலுவலகத்தில் அடிக்கடி சொல்வாராம். ஒரு வேலையை இவ்வளவு தூரம் செய்யலாம் என்பதை நினைக்கும்போது இப்போதும் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

நான் இன்னும் பாடசாலைக்குத் திரும்பவில்லை. திரும்புவேனா என்று தெரியாது. சில காலைகளில் தொலைபேசி அடிக்காமலே யன்னலடிக்குப் போய் நிற்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு சொல் அல்ல. நான் சொல்லி முடிக்கும்வரை மறுமுனையில் ஒருவர் இருந்தார் என்பதுதான்.

நினைவுக் கூட்டத்தில் இதைத் தானே வாசித்துவிடுவதாக அன்ரன் அண்ணை சொன்னார். நான் வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இடையில் என் குரல் நின்றுபோனால், தயவுசெய்து யாரும் எனக்காக முடித்து வைக்க வேண்டாம். கொஞ்சம் பொறுத்திருங்கள். வரும்.