ருவைதா வீட்டுக் கூம்பில் பேரீச்சை

ருவைதாவைப் பற்றி அவள் பிறந்த வீட்டில் ஒன்று சொல்வார்கள்: ஊசிக்குக்கூடக் காது உண்டு, இவளுக்கு இல்லை. ஒன்றை முடிவு செய்துவிட்டால் பிறகு யார் சொல்வதும் உள்ளே போகாது. சைதாவிலிருந்து கல்யாணமாகி, பெய்ரூத்தையும் தாண்டி வடக்கே, திரிபோலித் துறைமுகத்துக்கு அவள் வந்தபோது வயது இருபத்திரண்டு. மூன்றாம் மாடியில் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் கடல், மூடினாலும் மீன் வாசம்.

அந்த வீட்டில் கடையில் வாங்கிய சாமான் குறைவு. கணவன் நதீர் படகு கட்டும் தச்சன். அவன் கொண்டுவரும் துண்டு மரத்தில் அவளே கரண்டி செதுக்கினாள். பழைய வலையைப் பின்னி வெங்காயம் தொங்கவிடப் பை செய்தாள்.

"இன்னைக்கு உளி எனக்கா, உனக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் நதீர் காலையில் படி இறங்குவான்.

அவர்கள் குடிவந்த பிறகு வந்த முதல் நோன்பு. கடைசி வாரத்தில் மாமியார் உம்மு நதீர் வந்தாள். மூன்று மாடி ஏறிய மூச்சு அடங்கும் முன்பே ஆரம்பித்தாள்.

"பெருநாள் மஃமூல் பலகாரத்தைப் பத்தி நீ கவலைப்படாதே பொண்ணே. எப்பவும்போல நான் செஞ்சு உனக்கு ஒரு தட்டு அனுப்பிடுறேன்."

"என் வீட்டுக்கு வர்றவங்களுக்கு என் கையால செஞ்சதுதான் மாமி."

"அச்சு வேணுமே. என் அச்சு என் வீட்டு வாசல் தாண்டாது."

"நானே செதுக்கிட்டேன்."

ருவைதா இரண்டு அச்சுகளை எடுத்துவந்து காட்டினாள். ஒன்று கூம்பு, ஒன்று தட்டை. மாமியார் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"மீன் செதில் மாதிரியில்ல இருக்கு. இதைத் தின்கிறதா, சொரண்டுறதா?"

"தின்னுட்டுச் சொல்லுங்க."

"சரி, பெருநாளன்னிக்கு எல்லாரும் இங்கயே வர்றோம். என் தட்டும் உன் தட்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும். உன் தட்டுல மிச்சம் விழுந்தா, இனி வருஷா வருஷம் நீ என் அடுப்பங்கரையில உக்காந்து என் அச்சுலதான் அமுக்கணும்."

"காலியாச்சுன்னா?"

"காலியாகட்டும், அப்புறம் பேசலாம்."

"இப்பவே பேசிடுவோம். காலியாச்சுன்னா இனி குடும்பத்து மஃமூல் மொத்தமும் இந்த வீட்டுலதான்."

மாமியார் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். ஜெயிக்கிறவள் சிரிப்பு அது.

பெருநாளுக்கு முந்தின நாள் விடிகாலையிலேயே ருவைதா ரவையில் உருக்கிய நெய்யை ஊற்றி, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஊறவிட்டாள். மத்தியானம் பன்னீர் தெளித்துப் பிசைந்தாள். மாவில் சர்க்கரை கிடையாது. இனிப்பெல்லாம் உள்ளே வைக்கும் பூரணத்தில்தான். மேலே சர்க்கரைப் பொடியும் தூவவில்லை. பிசையத் தெரியாதவர்கள்தான் பொடி தூவி மூடுவார்கள் என்பது அவள் தாய்வீட்டுப் பேச்சு. உருண்டையில் குழி செய்து பூரணம் வைத்து மூடி, அச்சில் அமுக்கி, மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவாள். டக்கென்று விழும். பேரீச்சையைக் கூம்பில் அடைத்தாள், அக்ரூட்டைத் தட்டையில். அம்மா வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

ஆனால் இந்தத் தெருவில் பேசத் தெரியாத குழந்தைக்குக்கூடத் தெரியும், கூம்பு என்றால் அக்ரூட், தட்டை என்றால் பேரீச்சை என்று. ஊருக்கு ஊர் இது மாறும் என்பது ருவைதாவுக்குத் தோன்றவே இல்லை.

பெருநாள் காலை. தொழுகை முடித்து, கபர்ஸ்தானில் கல்லறைகளையும் பார்த்துவிட்டு எல்லோரும் வந்துவிட்டார்கள். மாமனார் அபூ நதீருக்குப் பல்செட் போட்டு இரண்டு வாரந்தான் ஆகியிருந்தது. பேரீச்சைதானே, மெத்தென்று இருக்குமென்று மருமகள் தட்டில் ஒரு தட்டையை எடுத்துத் தைரியமாகக் கடித்தார். கடக்!

அவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். கையை விரித்தால் அதில் பல்செட், அதன் இடுக்கில் ஒரு அக்ரூட் துண்டு. நாத்தனார் ஹியாம் காப்பியைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

"எந்த வடிவத்துல எதை வைக்கணும்னுகூடத் தெரியல. இவளுக்குத் தனி அச்சு வேற!" என்றாள் மாமியார்.

ருவைதாவின் முகம் சூடானது. இப்போது மன்னிப்புக் கேட்டால் ஆயுள் முழுக்க அந்த அடுப்பங்கரை முக்காலிதான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இந்த வீட்டுல கூம்புதான் பேரீச்சை," என்றாள்.

"எந்த வீட்டுல?"

"நீங்க உக்காந்திருக்கிற வீட்டுலதான் மாமி."

பல்செட்டுக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். கூம்பு ஒன்றைப் பிட்டு மாமனாருக்குக் கொடுத்தாள். அவர் வெறும் ஈறால் மென்றார்.

"பல்லே வேணாம் போலிருக்கே இதுக்கு! இன்னொண்ணு குடும்மா."

"சும்மா சொல்றா, கை தவறி மாத்தி அடைச்சிருப்பா," என்று ஹியாம் இன்னொரு கூம்பைப் பிட்டாள். அதிலும் பேரீச்சை. பிட்டதைத் தட்டில் திருப்பி வைக்கலாமா? கேவலம், தின்றுதான் ஆகவேண்டும். அவளுக்குப் பிடித்ததோ அக்ரூட், ஆகவே ஒரு தட்டையையும் எடுத்தாள். மற்றவர்களுக்கும் அதே கதை. வாய் அக்ரூட் கேட்டது, பழகிய கை கூம்புக்குப் போனது. தப்பாக எடுத்ததைத் தின்று முடித்து, வேண்டியதையும் எடுத்தார்கள். காப்பி இரண்டாம் சுற்று வருவதற்குள் ருவைதாவின் தட்டில் துகள்தான் கிடந்தது. மாமியார் தட்டில் இரண்டு வரிசை அப்படியே இருந்தது.

"ருசியில காலியாகல, குழப்பத்துல காலியாச்சு," என்றாள் மாமியார்.

"பந்தயம் தட்டுக்குத்தான் மாமி, காரணத்துக்கு இல்ல."

"அவ சொல்றது நியாயம்தானே," என்றார் மாமனார்.

"நீங்க சும்மா இருங்க. முதல்ல பல்லைப் போடுங்க!"

அடுத்த நோன்பின் கடைசி வாரம் உம்மு நதீர் நெய் டப்பாவும் ரவைப் பையுமாக மூன்று மாடி ஏறி வந்தாள்.

"மாவு நான்தான் பிசைவேன்."

"பிசைங்க மாமி."

"மேல சர்க்கரை தூவுவேன்."

"உங்க பங்குல மட்டும்."

"கூம்புல அக்ரூட்."

ருவைதா பேரீச்சைக் கிண்ணத்தைக் கூம்பு அச்சுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். மாமியார் அதைப் பார்த்தாள். பிறகு அங்கிக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கூம்பு அளவுக்குப் பேரீச்சையில் ஒரு உருண்டை உருட்டினாள்.