செப்புக் கம்பியில் போட்ட முடிச்சு

அந்த முடிச்சைப் போட்டவள் நான். ருக்குமணி அல்ல.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடமும் இல்லை, ருக்குமணியிடமும் இல்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எங்கள் கடைக்கு மின்விசிறி தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை. வந்தாலும் கவலைப்படாதீர்கள்... நன்றாகவே சுற்றிக் கொடுப்பேன்.

அடக்கமாகப் பேச எனக்கு வராது. திருப்பூரில் மின்விசிறிக்குக் காயில் சுற்றுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. விசிறியின் வயிற்றுக்குள் பள்ளம் பள்ளமாக ஓர் இரும்புக் கட்டை இருக்கும். அந்தப் பள்ளங்களில் முடி போன்ற செப்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் போட வேண்டும், அதுதான் காயில். கம்பி கருகினால் விசிறி நின்றுபோகும். பழையதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்ற வேண்டும். இதுதான் எங்கள் பிழைப்பு.

என் கணவர் கோயமுத்தூரில் ஒரு மோட்டார்த் தொழிற்சாலையில் வேலை பழகி வந்தவர். வீட்டின் முன்னறையே கடை. நான் பல்லடத்துப் பக்கம் தறி நெய்கிற குடும்பத்துப் பெண். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நூல் சுற்றியவள். கல்யாணமாகி வந்த புதிதில், அவர் கம்பியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துப் பொறுக்காமல், "செத்த நவுருங்க, நான் பாக்கறேன்" என்று உட்கார்ந்தேன். சிரித்தார். முதல் காயிலைச் சுற்றி முடித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அறுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. அப்போது எல்லா வீட்டிலும் மின்விசிறி கிடையாது. பனியன் கம்பெனி முதலாளிகள் வீட்டுக் கூடத்தில் ஒன்று சுற்றும். ஊரே அண்ணாந்து பார்க்கும். பங்குனி பிறந்தால் எங்கள் கடையில் கால் வைக்க இடமிருக்காது. மார்கழியில் வெந்நீர் போடுகிற ஹீட்டர்கள் வரும். மற்ற மாதங்களில் மூச்சு விடுவோம்.

ருக்குமணி என் நாத்தனார், கணவரின் தங்கை. மூலனூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். இடுப்பில் ஒரு பெண்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். குழந்தையின் பெயர் செல்வி.

அவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். இரக்கத்தால் என்று நினைத்துவிடாதீர்கள்! வேலை குவிந்து கிடக்கும்போது வீட்டில் சும்மா இருக்கிற இரண்டு கைகளை யார் விடுவார்கள்? புகுந்த வீட்டுத் தறியில் அவளும் நூல் சுற்றிப் பழகியவள்தானே. கிடுகிடுவென்று பிடித்துக்கொண்டாள். கம்பி அவள் விரலில் வழுக்கிக்கொண்டு போகும். பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகு எனக்குப் பிடித்திருந்ததா? பிடித்திருந்தது என்று சொல்லத்தான் ஆசை... எனக்குச் சரிசமமாக வந்துகொண்டிருந்தாள் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் கம்பி சுற்றிக்கொண்டே சொன்னாள். "பக்கத்து வீதியில ஒரு ரூம்பு பாத்து வெச்சிருக்கறனுங்க அண்ணி. ஆடி போனதும் போயர்லாம்னு இருக்கறேன். தனியாவே வேல வாங்கிச் சுத்திக்குவேன். செல்வியப் படிக்க வெச்சுப்போடுவேன்."

"ஏன், இங்க என்ன கொறை?" என்று கேட்டேன்.

"கொறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எனக்குன்னு ஒரு ஊடு இருந்தாத் தேவலைங்க."

பேச்சு அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். புருஷன் போனபிறகு முதல்முறையாக அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

முடிச்சைப் பற்றிச் சொல்கிறேன். தறியில் இழை அறுந்தால் என்ன செய்வோம்? முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்வோம். எங்கள் பெண்களுக்கு அந்த முடிச்சு தூக்கத்தில்கூட விழும். செப்புக் கம்பியில் அது ஆகவே ஆகாது. அறுந்த இரண்டு முனையையும் சுரண்டி, முறுக்கி, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் ஈயம் வைத்துப் பற்ற வேண்டும். அதன்மேல் உறை மாட்ட வேண்டும். வெறும் முடிச்சு போட்டால் மின்சாரம் ஓடும்போதெல்லாம் அந்த இடம் சூடாகிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் தீய்ந்து எரியும். இதை ருக்குமணிக்குக் கையில் கிள்ளிக் கிள்ளிச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

சித்திரைக் கத்திரி வெயில். வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருந்த ஒரு முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து பெற்றிருந்தாள். கூடத்தில் விசிறிக்குக் கீழே தொட்டில். விசிறி நின்றுவிட்டது, பச்சைக் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பொழுது சாய்வதற்குள் வேண்டும் என்றார்கள்.

நானும் ருக்குமணியும் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம். நான் அடுப்பைப் பார்க்க எழுந்தால் அவள் தொடருவாள். அவள் குழந்தையைப் பார்க்க எழுந்தால் நான் தொடருவேன். எந்தப் பள்ளத்தில் யார் சுற்றியது என்று நாங்கள் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

ருக்குமணி குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்தாள். எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். "ஏனுங்க, இத்தன சன்னமா இருக்குதே, அறுந்து போவாதுங்களா?" என்று கேட்டாள். என் கையில் இதுவரை ஒரு கம்பிகூட அறுந்ததில்லை என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே ஜம்பமாக ஓர் இழுப்பு இழுத்தேன்.

அறுந்தது.

அவள் கவனிக்கவில்லை. வேறு ஏதோ பேசிவிட்டுப் போனாள். ஈயம் பற்றவைக்கிற இரும்பைக் காய்ச்சக் கரி அடுப்பு மூட்ட வேண்டும். அடுத்த மேசையில்தான் கணவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அடுப்பு மூட்டினால் எதற்கு என்று கேட்பார், சொன்னால் சிரிப்பார். வேறொன்றும் செய்யமாட்டார், வெறுமனே சிரிப்பார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாதவளா நான்? ஆமாம்... அவ்வளவுதான் நான்.

பிளேடால் இரண்டு முனையையும் சுரண்டினேன். விரல்கள் தாமாகவே தறிவீட்டு முடிச்சைப் போட்டன. அதன்மேல் ஒரு துண்டு எண்ணெய்க் காகிதத்தை வைத்துப் பள்ளத்துக்குள் திணித்தேன். ருக்குமணி குடத்தோடு வருவதற்குள் மேல் அடுக்குச் சுற்றியாகிவிட்டது. பிறகு நான் அடுப்படிக்குப் போனேன். மீதியை அவள் சுற்றினாள்.

விசிறி ஜோராக ஓடியது. கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தார் கணவர். எல்லாரும் மகிழ்ச்சி. நானும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன், பொய் சொல்வானேன்!

சில நாள் கழித்துக் காலையில் அந்த வீட்டு ஆள் சைக்கிளில் பறந்து வந்தான். கணவர் அவனோடு போனார். திரும்பி வந்தபோது விசிறியின் மண்டை கேரியரில் கட்டியிருந்தது. அவர் முகம் செத்திருந்தது. விசிறி புகைந்து, உள்ளிருந்து எரிந்த துணுக்குகள் தொட்டிலில் விழுந்திருக்கின்றன. தொட்டில் சேலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. குழந்தையை அப்போதுதான் குளிப்பாட்ட எடுத்துப் போயிருந்தார்கள்.

மேசைமேல் வைத்துப் பிரித்தார். கருகிய கம்பிகளை ஒவ்வொன்றாக விலக்கினார். உள்ளே அது இருந்தது.

"முடிச்சுப் போட்டிருக்குது" என்றார். "ஈயங்கூட வெக்கல. ஆரு போட்டது இது?"

நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். அவர் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார்.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருந்தால்கூட என் குற்றம் பாதிதான். நான் சும்மா இருக்கவில்லை. "நான் எதுக்குங்க முடிச்சுப் போடறேன்? ருக்கு ஏதோ நெனப்புல, தறியில போடறாப்பல போட்டிருக்கும்ங்க" என்றேன். குரல்கூட மாறவில்லை. அன்பாகவே சொன்னேன். அவளைக் காப்பாற்றுகிறவள் போல!

மறுத்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். சண்டைக்கு வந்திருந்தால் ஒருவேளை நான் உடைந்திருப்பேன். அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு நெனவே இல்லீங்ணா" என்றாள். "அண்ணி சொன்னா இருக்குமுங்க. நாந்தான் போட்டிருப்பேன்."

"கொழந்த தொட்டல்ல இருந்திருந்தா என்னாயிருக்கும் அம்மிணி?" என்றார் கணவர். திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நம்பிவிட்டாள். உங்களுக்குப் புரிகிறதா? பழியை வெறுமனே ஏற்றுக்கொண்டிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவள் அதை நம்பினாள். தன் கையே தனக்குத் தெரியாமல் ஒரு குழந்தையைக் கொல்லப் பார்த்தது என்று நம்பினாள்.

அதன்பிறகும் சுற்ற உட்கார்ந்தாள். கொஞ்சம் சுற்றுவாள், நிறுத்துவாள், சுற்றியதைப் பிரிப்பாள், கம்பியை விரலால் தடவித் தடவி முடிச்சு இருக்கிறதா என்று தேடுவாள். மறுபடி சுற்றுவாள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒரு காயில் முடியாது. நான் அருகிலேயே இருந்து என் வேலையைப் பார்த்தேன்.

ஒரு காலையில் கம்பி உருளையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "என்னால முடியாதுங்க அண்ணி. கம்பியத் தொட்டா அந்தத் தொட்டல்தான் கண்ணுல நிக்குது."

"செரி, உடு. வேற வேல பாத்துக்கலாம்" என்றேன்.

பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போனாள். தைத்து வந்த பனியனில் தொங்குகிற நூலைக் கத்தரிக்கிற வேலை அது. கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்தால் போதும். பார்த்து வைத்திருந்த அறைக்கு வேறு யாரோ குடிவந்தார்கள். ஆடி போயிற்று. எத்தனையோ ஆடி போயிற்று. ருக்குமணி இன்றும் எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறாள்.

அந்த முதலாளி வீட்டு விசிறியை நானே மறுபடி சுற்றிக் கொடுத்தேன். அது இன்றுவரை ஓடுகிறது. கணவர் சொல்லி விஷயம் தெரிந்திருந்த அந்த வீட்டம்மா போகிற இடமெல்லாம், "சின்னவ கை ஆவாது, அண்ணிக்காரி சுத்துனாத்தான் கல்லாட்ட இருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வேலை சேர்த்துவிட்டார். ருக்குமணியின் பழி எனக்கு விளம்பரமாயிற்று. அந்த வேலைகளை எல்லாம் வாங்கிக்கொண்டேன். நன்றாகவும் செய்தேன்.

சொல்ல முயன்றதே இல்லையா என்று கேட்பீர்கள். சிவன்மலைக்குப் போய் முருகனிடம் சொன்னேன். சாமியிடம் சொல்வது சுலபம். அவர் இறங்கி வந்து ருக்குமணியிடம் சொல்லப் போவதில்லை. ஒரு முறை அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்து, "ருக்கு, அந்த வேலம்பாளையத்து ஃபேன்..." என்று ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதைய மறந்துடுங்க அண்ணி. அன்னைக்கு நீங்க அண்ணங்கிட்ட எனக்காகப் பேசுனதே பெருசு" என்றாள். எனக்காகப் பேசுனது! அதற்குமேல் எந்த நாக்கு எழும்? எழுந்திருக்கத்தான் வேண்டும். என் நாக்கு எழவில்லை, கஞ்சி வைக்கப் போனேன்.

உங்களுக்கு என்மேல் கோபம் வரட்டும். அழுது புரண்டு உங்கள் இரக்கத்தை வாங்குகிற ஆள் நானில்லை. இந்த ஊரில் விசிறிகள் பெருகப் பெருக நாங்களும் பெருகினோம். கடை இப்போது கடைவீதியில் இருக்கிறது. மேசையின் தலைமாட்டில் என் இடம். அதன்பிறகு கம்பி அறுந்தால் எத்தனை பேர் பார்த்தாலும் அடுப்பு மூட்டி ஈயம் வைத்தேன். அது திருந்தல் என்று நீங்கள் சொன்னால் நான் சிரிப்பேன். அறுத்த என்னை விட்டுவிட்டுக் கம்பியை மட்டும் சரிசெய்வது என்ன திருந்தல்?

இந்த வருஷம் செல்வி பள்ளிப் படிப்பை முடித்தாள். போன வாரம் கடைக்கு வந்தாள். வந்தவள் சும்மா நிற்கவில்லை. காலியாக இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் சொல்லிக் குடுங்க அத்தை. கம்பெனியில பிசிறு வெட்ட நான் போவ மாட்டேன்" என்றாள். நான் பாதி சுற்றியிருந்த காயிலை எடுத்தாள். சுற்றினாள்.

கம்பி அவள் விரலில் வழுக்கிக்கொண்டு போனது. சொல்லிக் கொடுக்க எனக்கு ஒன்றுமே இல்லை.

வேலை விட்டு வந்த ருக்குமணி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. உள்ளே வந்து மகளின் தோளைத் தொட்டாள். "வேண்டாங்கண்ணு, எந்திரி. நம்ம கை இதுக்கு ஆவாது. என் கையால ஒரு கொழந்த உசுரு போவப் பாத்துது. உனக்கும் அந்தக் கைதான?"

செல்வி எழுந்திருக்கவில்லை. அம்மாவைப் பார்க்கவும் இல்லை. என்னைப் பார்த்தாள். "அப்படீங்களா அத்தை?"

கணவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள். ஒரு சொல் போதும். 'நான்தான்' என்றால் போதும். தாய்க்கு இல்லாவிட்டாலும் மகளுக்காவது அந்தக் கை மிஞ்சியிருக்கும்...

"அம்மா சொல்றதக் கேளு கண்ணு" என்றேன்.

செல்வி கம்பியை மேசைமேல் வைத்தாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு தாயோடு படியிறங்கிப் போனாள். மறுநாளிலிருந்து பிசிறு வெட்டப் போகிறாள். அவள் விட்ட இடத்திலிருந்து நான் அந்தக் காயிலைச் சுற்றி முடித்தேன். கம்பி ஓரிடத்தில்கூட அறுந்துபோகவில்லை.