நான்காவது சொல்

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கம்பெனி பஸ்ஸில் அவள் வீடு திரும்ப மணி ஏழாகிவிடும். அப்பாவுக்கு வெளியூரில் வேலை. நாலரைக்குப் பள்ளி விட்டு வந்தால் உள்தாழ்ப்பாள், டியூப்லைட், நான், அவ்வளவுதான். பயமாகத்தான் இருந்தது. சொன்னால் அம்மா வேலையை விட்டுவிடுவாளோ என்று சொல்லவில்லை.

சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓர் ஏற்பாடு செய்தாள். பக்கத்து வீட்டில், ஷூவின் மேல்பாகங்களைக் கம்பெனியிலிருந்து வாங்கிவந்து கையால் தைத்துக்கொடுக்கும் பாயம்மா இருந்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். நான் சத்தமாகப் படிக்க வேண்டும். சத்தம் நின்றால் அவர் சுவரைத் தட்டுவார், நான் பதிலுக்குத் தட்ட வேண்டும். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் சுவருக்குக் கையும் இருந்தது.

கத்திப் படிக்க வாகாகக் கிடைத்தது ஆங்கில இலக்கணம். சில வினைச்சொற்களை அடுத்து வரும் வினைக்கு 'இங்' சேர்க்க வேண்டும், சிலவற்றுக்கு 'டு' போட வேண்டும். எதற்கு எது, ஏன் என்று கேட்டதற்கு, காரணமெல்லாம் கிடையாது, உருப்போடு என்று டீச்சர் இரண்டு பட்டியல் கொடுத்துவிட்டார். என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், பிராக்டிஸ் என்று 'இங்' பட்டியல் தொடங்கும். தினமும் இருபது முறையாவது கத்துவேன்.

ஒருநாள் சலித்துப்போய் ஒரு சொல்லை விழுங்கினேன். கழுகுக்கு மூக்கில் வேர்த்ததுபோல் உடனே சுவர் தட்டப்பட்டது.

"இன்னா பாப்பா, ஒண்ணு கம்மியா இருக்கே. ஃபினிஷ் எங்க?"

பாயம்மாவுக்கு ஏபிசிடிகூடத் தெரியாது. தைத்துக்கொண்டே கேட்டதில் பட்டியல் மனதில் ஏறிவிட்டிருந்தது. கம்பெனியில் அம்மாவுக்கு ஒரு சூப்பர்வைசர் என்றால் வீட்டில் எனக்கும் ஒருவரா என்று எரிச்சல்தான் வந்தது.

காலாண்டுத் தேர்வில் அந்தக் கேள்விகளுக்கு முழு மதிப்பெண். அந்தச் சந்தோஷத்தில் அம்மா என்னை டியூஷனில் சேர்த்தாள். அவள் திரும்பும்வரை அங்கேயே இருப்பேன். சுவரை மறந்தே போனேன்.

ஒரு மாதம் கழித்து, டியூஷன் இல்லாத ஒரு சாயங்காலம் வீட்டில் புதிதாக வாங்கியிருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் தட்டப்பட்டது. பரீட்சைதான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன காவல் என்று பதிலுக்குத் தட்டவில்லை. மறுபடியும் தட்டினார்.

"பாப்பா, வந்துட்டியா? இப்பல்லாம் படிக்கிறதில்லியா?"

பிறகு அவரே மெல்ல ஆரம்பித்தார். "என்ஜாய்... அவாய்ட்... ஃபினிஷ்..."

அங்கே நிறுத்திக் காத்திருந்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் தட்டவில்லை. அவருக்குக் கணவர் இல்லை, பேரணாம்பட்டில் இருக்கும் மகள் ரம்ஜானுக்கு மட்டும்தான் வருவாள் என்பதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தட்டினால் பதிலுக்குத் தட்ட வேண்டும் என்பதும் தெரியும். அந்த ஏற்பாடு எனக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன்.