முன் தண்டில் ஓர் இடம்

சென்ற வருடக் கருட சேவையில், குளக்கரைத் திருப்பத்தில், நான் தோளை விலக்கிக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பெருமாளின் வாகனத்தைச் சுமக்கும் முன் தண்டில் வலப்பக்கத்து இடம் எங்கள் வீட்டுக்குரியது. அப்பாவுக்குப் பிறகு நான் நிற்கிறேன். அன்று, பெருத்துப்போன உடம்போடு, மூச்சு முட்டிக் கண் இருட்டியது. பின்னால் வந்த ஒருவர் அந்த இடத்தில் தோள் கொடுத்தார். வாகனம் நிற்காமல் போயிற்று.

பக்கத்துத் தோள் என் மனைவியின் தம்பி, டிராக்டர் ஓட்டுகிறவர். கோயிலுக்குத் திரும்பியதும் எல்லோர் முன்பாகவும் சொன்னார்: "சாமிய மட்டும் இல்ல மாமா, உன்னயும் சேத்துதான் இத்தினி வருசமா தூக்கிக்கினு கீறோம்."

சிரித்தார்கள். அடுத்த வருடமும் இப்படி ஆனால் இடம் வேறு வீட்டுக்குப் போகும் என்று பிறகு தனியாகச் சொன்னார். அதில் கேலி இல்லை.

மறுநாளே ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்தில் காரணமில்லாமல் யாரும் நடப்பதில்லை. பைக்கில் போகிறவர்கள் நிறுத்தி ஏறச் சொன்னார்கள். மறுத்தால் வருத்தப்பட்டார்கள். எனக்கும் மனைவிக்கும் சண்டை என்றுகூடப் பேச்சு கிளம்பியது. இரவுச் சோற்றை நிறுத்தினேன். பிறகு பகல் சோற்றைப் பாதியாக்கினேன். அதோடு பருப்பும் முட்டையும் தாமாகவே குறைந்தன. நெல் அரைக்கும் மில்லில் மூட்டை எடை போடும் தராசில் வாரம் ஒருமுறை ஏறி நின்றேன். முள் இறங்கிக்கொண்டே வந்தது. அது எனக்குத் திருப்தியாக இருந்தது.

தை பிறந்ததும், பழுது பார்ப்பதற்காக வாகனத்தை வெறுமையாக வெளியே எடுத்தார்கள். நானும் போய்த் தோள் கொடுத்தேன். மூச்சு வாங்கவில்லை. ஆனால் என் பக்கம் தண்டு தாழ்ந்தது. கால் நடுங்கியது. தோளில் சதை வற்றி, மரம் நேராக எலும்பில் உட்கார்ந்தது. மச்சான் தாழ்ந்த தண்டைப் பார்த்தார்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜிம் நடத்துகிறவரிடம் போய்க் கேட்டேன். கொழுப்போடு சதையையும் கரைத்துவிட்டீர்கள் என்றார். நடை இருக்கட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் பளு தூக்க வேண்டும், பருப்பும் முட்டையும் சுண்டலும் தினமும் வேண்டும் என்றார். ஜிம்முக்கு அடிக்கடி போய் வர முடியாது. யூரியா சாக்குகளில் மணல் நிரப்பி, மாட்டுக் கொட்டகையில் வைத்துக்கொண்டேன். தோளில் ஏற்றி உட்கார்ந்து எழுவேன். சாக்கைத் தூக்கிக்கொண்டு களத்தைச் சுற்றி வருவேன். பழகப் பழக மணலைக் கூட்டினேன்.

பங்குனியில் தராசு முள் ஏறியது. அடுத்த வாரமும் ஏறியது. மில்காரர் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிரவு நான் சாப்பிட உட்காரவில்லை. தட்டில் இரண்டு முட்டையோடு மனைவி வந்து நின்றாள்.

"சாப்பிட மாட்டியா? போன மாசம்தான் அரணாக்கவுத்த இறுக்கிக் கட்ன. இப்ப பாரு, மறுபடியும் எறங்கிக்கினு கீது. வயிறு இல்லன்னுதான அது எறங்குது? மில்லு தராசுக்கு இன்னா தெரியும்?"

அரைஞாண் கயிறு இடுப்பெலும்பில் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் குளிக்கும்போது கையில் படுவதுதான், நான் கவனித்ததில்லை. முட்டையைச் சாப்பிட்டேன். அதன் பிறகு தராசில் ஏறுவதை மாதம் ஒருமுறையாக்கினேன். கயிற்றில் இன்னொரு முடிச்சு விழுந்தது.

இந்த வருடம் கருட சேவையில் என் இடத்தில் நின்றேன். தோளில் ஈரத் துண்டை மடித்துப் போட்டிருந்தேன். குளக்கரைத் திருப்பத்தில் வழக்கம்போல ஒரு வீட்டார் தீபாராதனைக்கு நிறுத்தினார்கள். நடக்கும்போது தெரியாத பாரம் நிற்கும்போது தெரியும். தட்டில் கற்பூரம் எரிந்து முடிய நேரமாயிற்று. கால் நடுங்கவில்லை. பக்கத்தில் மச்சானின் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது.

"இன்னா மாமா, சத்தமே காணோம். உசுரோட கீறியா?"

"கீறேன். நீ முன்னால பாரு."

கொஞ்ச தூரம் போனதும், தலையைத் திருப்பாமல், மெதுவாகச் சொன்னார்: "கொஞ்சம் உன் பக்கம் வாங்கிக்க."

முழங்காலை இறுக்கி நிமிர்ந்து பாரத்தை என் பக்கம் வாங்கிக்கொண்டேன். கோயில் வாசல்வரை அப்படியே போனோம்.